குற்றம் கடிதலும் தன்னைக் கடிதலும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது ஊர்ச் சந்திகள் தோறும் பதாகைகள் எழுவது வழக்கம். முன்னிலை பெற்ற பிள்ளைகளின் படங்கள், பெற்ற புள்ளிகள், மாவட்ட நிலை, கற்பித்த தனியார் கல்வி நிலையத்தின் பெயர் ஆகியன அவற்றில் பெரிதாக இடம்பெறும். பத்திரிகைகளும் தம் பங்கிற்கு அதே படங்களை வெளியிடும். பிள்ளைகளின் வெற்றியைக் கொண்டாடுவதில் தவறேதும் இல்லை. ஆனால், அதே நாளில் அதே வீதியில் வேறு சில வீடுகளின் கதவுகள் சாத்தியே கிடக்கும். அவ்வீடுகளில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டிருக்கும். அந்தத் தீர்ப்பு எந்தப் பத்திரிகையிலும் வெளிவருவதில்லை. ஆயினும் பலருடைய வாழ்வில் அது மேன்முறையீடின்றி இறுதிவரை நடைமுறையில் இருந்துவிடுகிறது.

"நான் கெட்டிக்காரன் இல்லை", "என்னால் ஒன்றும் ஏலாது", "வீட்டுக்கு நான் பாரம்" என்ற இத்தகைய வாசகங்களை ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் தமக்குள் சொல்லிக்கொள்ளும் மனிதர்கள் நம்மிடையே ஏராளம். வெளியே அவர்கள் நல்ல உத்தியோகத்தில் இருப்பார்கள், பிள்ளைகளைக் கரைசேர்த்திருப்பார்கள், கோயில் நிர்வாக சபையிலும் இடம்பெற்றிருப்பார்கள். உள்ளே ஓர் அதிகாரி ஓயாது அவர்களை விசாரித்துக்கொண்டிருப்பார். இதனைப் பணிவு என்றும், தன்னடக்கம் என்றும், முன்னேற்றத்துக்கான தூண்டுகோல் என்றும் நமது சமூகம் பெயரிட்டு மதித்து வந்திருக்கிறது. அந்த மதிப்புக்கு அது உரியதுதானா என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

முதலில், அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண்களைப் பார்ப்போம்.

இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் தோற்றுகின்றனர். அவர்களின் வயது பத்து. அண்மைய ஆண்டுகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நிதியுதவி வழங்குவதற்கும், திறமையுள்ளவர்களுக்குப் பெரிய பாடசாலைகளில் இடமளிப்பதற்கும் உருவான ஏற்பாடு இது. இன்று அது பத்து வயதுப் பிள்ளையின் மூளைக்கு வழங்கப்படும் சான்றிதழாக வீடுகளில் விளங்கிக்கொள்ளப்படுகிறது. அதன்படி ஆறு பிள்ளைகளில் ஐவர் பத்து வயதிலேயே தம்மைத் தோற்றவர்களாக எண்ணத் தொடங்குகின்றனர்.

உயர்தரப் பரீட்சையின் கணக்கும் இதனையொத்ததே. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தோற்றும் அப்பரீட்சையின் மூலம் அரச பல்கலைக்கழகங்களுக்கு எடுக்கப்படுவோர் 50,000க்கும் குறைவானவர்கள். மருத்துவ பீடங்களுக்குச் செல்வோர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் நாளை முதல் இரவில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் படித்தால் என்ன நிகழும்? ஓர் இடம்கூட அதிகரிக்காது. வெட்டுப்புள்ளி மட்டும் உயரும். 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருக்கும் இசட் புள்ளி, ஒரு மாணவர் மற்றையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதைக் காட்டும் எண்ணாகும். எவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடி எழுதினாலும் அவர்களுள் பாதிப்பேரளவில் சராசரிக்குக் கீழேதான் நிற்பார்கள். அதாவது, பெரும்பாலானோர் வெளியே நிற்க வேண்டும் என்பது பிள்ளை பேனையைக் கையில் எடுப்பதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. எந்தப் பிள்ளை வெளியே நிற்பது என்பதைத்தான் பரீட்சை தீர்மானிக்கிறது.

அந்த எண்ணாவது எப்போதும் சரியாகக் கணிக்கப்பட்டதா? 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை நினைவிற் கொள்ளுங்கள். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அப்புள்ளிகளை இரத்துச் செய்து, இரு சாராருக்கும் தனித்தனியே மீளக் கணிக்குமாறு 2012 ஜூனில் நீதிமன்றம் பணித்தது. இடைப்பட்ட அந்த அரையாண்டு காலத்தில், நான்கு தசம தானங்கள் கொண்ட ஒரு தவறான எண்ணைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் தம்மை நொந்திருப்பார்கள்! நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அந்த எண்ணை இரத்துச் செய்தது. அந்த எண்ணை வைத்துப் பிள்ளைகள் தமக்குள் எழுதிய தீர்ப்பை இரத்துச் செய்ய எவரும் இருக்கவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தரப்படுத்தலுக்கு வந்து சேர்வோம். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. பொறியியலுக்கு அவ்வெண்கள் முறையே 250, 227. இதன் அரசியல் விளைவுகளைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. வெளியே திரும்பிய கோபத்தை வரலாறு பதிவு செய்திருக்கிறது. உள்ளே திரும்பிய கோபத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அந்த இரு எண்களுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். இப்போது எழுபதைத் தாண்டியவர். நில அளவையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வன்னியில் அவர் கால் படாத காணிகள் குறைவு. ஒருநாள் பேச்சுவாக்கில், "தம்பி, எனக்குக் கெட்டித்தனம் காணாது. டொக்டருக்குப் படிக்கப் போய்க் கவிழ்ந்தவன் நான்" என்றார். "அண்ணை, உங்கடை புள்ளியோடை சிங்களத்திலை எழுதினவர் உள்ளுக்குப் போயிருக்கிறாரே" என்றேன். அவர் சற்றும் தயங்காமல், "அது தெரியும். ஆனால் 250 எடுத்திருந்தால் ஒருத்தரும் மறிச்சிருக்கமாட்டினம்தானே" என்றார்.

அந்த மறுமொழியின் முன் என்னிடம் பேச்சிருக்கவில்லை. தனக்கு இழைக்கப்பட்ட அநீதியின் எண்ணை நன்கு அறிந்த மனிதர், அந்த அநீதியையே தன் குறைக்கு இன்னொரு சாட்சியாக மாற்றிவிட்டார். உள்ளிருக்கும் விசாரணை அதிகாரியின் இயல்பு இதுதான். எந்தச் சாட்சியம் வந்தாலும் அவர் தீர்ப்பை மாற்றமாட்டார், சாட்சியத்தை மாற்றிக்கொள்வார்.

மறுபக்கமும் உண்டு. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு சற்றுத் திறந்தது. அவ்வாறு உள்ளே சென்றோருள் சிலர், தாம் பின்கதவால் வந்தவர்கள் என்ற எண்ணத்துடனேயே பட்டம் பெற்று, தொழில் பார்த்து, ஓய்வும் பெற்றனர். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலிருந்து வந்து அந்தப் புள்ளியை எடுத்ததன் பெறுமதி அவர்களுக்குப் புலப்படவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவரும் தம்மைக் குறைத்துக்கொள்கிறார். உள்ளே விடப்பட்டவரும் தம்மைக் குறைத்துக்கொள்கிறார். அப்படியாயின் இந்தக் குரல் உண்மையை அளப்பதற்காகப் பேசுவதில்லை என்பது தெளிவாகிறது.

இனி, "அடியாத மாடு படியாது" என்ற வாதத்துக்கு வருவோம். தன்னைத் தானே கடிந்துகொள்ளாதவன் சோம்பேறியாகிவிடுவான், தன்னை ஏற்றுக்கொள்பவன் முயற்சியைக் கைவிட்டுவிடுவான் என்ற அச்சம் நமது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஆழப் பதிந்தது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் ஆய்வுகளில் தேறவில்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களிடையே மேற்கொள்ளப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, படிப்பைப் பிற்போட்டமைக்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே பிற்போட்டனர் என்று கண்டது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியா பிரைன்ஸ், செரீனா சென் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்விலும் இதையொத்த முடிவே கிடைத்தது. கடினமான சொற்பரீட்சை ஒன்றில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு, இது கடினமானதென்றும் பலருக்கும் இவ்வாறு நேர்வதென்றும் தம்மீது கடுமை காட்ட வேண்டாமென்றும் கூறப்பட்டது. அவர்களே அடுத்த பரீட்சைக்குக் கூடுதல் நேரம் படித்தனர்.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. தவறு செய்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால்தான் அதைத் திருத்தலாம். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அடி விழும் என்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கணக்கில் தோற்ற பிள்ளை கணக்குக் கொப்பியைத் திறக்க அஞ்சுவது இதனாலேயே. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். உண்மையில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது.

இவ்விடயத்தில் மேலைத்தேய உளவியலைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. திருக்குறளின் 44ஆம் அதிகாரத்துக்குப் பெயர் குற்றங்கடிதல். "கடிதல்" என்ற சொல்லுக்குக் கண்டித்தல் என்ற பொருளும் உண்டு. விலக்குதல், ஓட்டுதல் என்ற பொருளும் உண்டு. அவ்வதிகாரம் கருதுவது இரண்டாவது பொருளையே. குற்றம் என்பது மனிதனிடமிருந்து விலக்கப்பட வேண்டிய ஒன்று. விலக்கிய பின் மனிதன் எஞ்சியிருக்க வேண்டும். தற்பெருமையையும் அந்த அதிகாரம் எச்சரிக்கிறது; ஆகவே தன்னைக் கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்லும் நூலல்ல அது. நாமோ கடிதலின் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, குற்றத்தை விட்டுவிட்டு மனிதனைக் கண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

சைவ மரபில் வந்த வாசகர் ஒருவர் இங்கே ஒரு வினாவை எழுப்பக்கூடும். திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழானவராகச் சொல்லிக்கொள்கிறாரே, அதனை எங்ஙனம் விளங்கிக்கொள்வது என்று. சிவபுராணத்தைச் சிறுவயதில் மனனம் செய்தவர்களுக்கு இவ்வினா இயல்பாகவே தோன்றும். திருவாசகத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தம்மை அத்தனை தாழ்த்திச் சொல்பவர், அந்தத் தாழ்விலேயே தாம் ஏற்றுக்கொள்ளப்பட்டதை எண்ணி உருகுகிறார். அங்கே வியப்பு, தகுதி பார்க்காமல் வந்த அருளைப் பற்றியது. நமது உட்குரல் அந்த வசையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது, புகலிடத்தை விட்டுவிட்டது. அருளில்லாத இழிவுரையைப் பக்தி என்று எந்த அடியாரும் சொன்னதில்லை.

அப்படியாயின் தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பது என்ன? தன் பிழைகளுக்குச் சாக்குச் சொல்வதா? அன்று. ஒருவர் மற்றொருவருக்குத் தீங்கு செய்திருந்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். இயன்ற பரிகாரம் செய்ய வேண்டும். "நான் செய்தது பிழை" என்பது ஒரு செயலைப் பற்றிய கூற்று. அதற்குப் பின்னர் செய்வதற்கு ஏதாவது இருக்கும். "நான் பிழையானவன்" என்பது அவ்வாறன்று. அதற்குப் பின்னர் செய்வதற்கு எதுவுமில்லை. இருளில் முடங்குவது தவிர.

எங்கள் தொழிலில் ஒப்புநோக்குநர் என்றொருவர் இருப்பார். அச்சுக்குச் செல்லுமுன் படியை வாசித்துப் பிழைகளைக் குறிப்பவர் அவர். நல்ல ஒப்புநோக்குநர் எழுத்துக்கு நேரே கோடிட்டு, ஓரத்தில் திருத்தத்தை எழுதுவார். "இதை எழுதியவன் மூடன்" என்று ஓரத்தில் எழுதுவதில்லை. எழுதினால் அச்சுக்கோப்பவருக்கு எதைத் திருத்துவதென்று தெரியாது. தன்னைப் பற்றிய விமர்சனமும் இந்த அளவுக்குப் பயனுடையதாக இருந்தால் போதுமானது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்போருக்குச் சில சொல்வேன். உட்குரல் சொல்லும் வாசகத்தை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். பின் அதனை ஒரு செய்தி ஆசிரியரின் கண்ணால் வாசியுங்கள். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்ற வாசகத்தில் எப்போது என்பதில்லை, எங்கே என்பதில்லை, எதற்கு உதவவில்லை என்பதில்லை, தகவல் தந்தவர் யாரென்பதில்லை, சம்பந்தப்பட்டவரின் விளக்கம் கேட்கப்படவுமில்லை. புதிதாகச் சேர்ந்த நிருபர் இப்படியொன்றை எழுதிக் கொண்டுவந்தால் எந்தச் செய்தி ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். "2011ஆம் ஆண்டு இரசாயனவியலில் எனக்குச் சாதாரண சித்தியே கிடைத்தது" என்று திருத்தினால் அது செய்தி. அதில் உண்மை உண்டு, எல்லையும் உண்டு.

அடுத்து, அந்தக் குரல் யாருடையது என்று உற்றுக்கேளுங்கள். பெரும்பாலும் அது நமது சொந்தக் குரலாக இராது. எட்டாம் வகுப்பில் பிரம்புடன் நின்ற ஓர் ஆசிரியருடையதாகவோ, ஒப்பிட்டுப் பேசிய பெரியப்பாவுடையதாகவோ, வாய்ச்சாட்சி சொன்ன அயலவருடையதாகவோ இருக்கும். அவர்களுட் பலர் இன்று உயிருடன் இல்லை. உயிருடன் இருப்போருக்கும் தாம் சொன்னது நினைவில் இராது. நாம்தான் அவர்களது சொற்களைப் பழுதுபார்த்துப் பேணி வருகிறோம்.

மூன்றாவது, அதே நிலையில் சகோதரியின் பிள்ளை வந்து உங்கள் முன் நின்றால் என்ன சொல்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். "உனக்கு மூளை காணாது" என்று சொல்லமாட்டீர்கள். தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இருந்து கதை பிள்ளை" என்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003 முதல் எழுதிவரும் தற்பரிவு என்ற கருத்தின் சாரம் இதுவே. தன்னிடம் கனிவாயிருத்தல், துன்பம் மானிடர் அனைவருக்கும் பொதுவென்று உணர்தல், நோவை மறைக்காமலும் பெருக்காமலும் நிதானமாக நோக்குதல் என்று அவர் அதனை மூன்றாக வகுக்கிறார்.

இவற்றால் தீராத நிலையும் உண்டு. நித்திரை கெட்டு, உணவு மறந்து, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருமாயின் அது நோய், குணக்குறையன்று. இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் 1 இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டமை அதற்கு முக்கிய காரணமென ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அந்த ஆண்டுகளில் நாட்டில் துயரம் குறைந்திருக்கவில்லை, போரும் நடந்தது. ஆயினும் பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்தனர். உள்ளிருந்து எழும் மிகக் கொடிய தீர்ப்பும் ஓர் அலையைப் போன்றது என்பதையும், அந்த நேரத்தைக் கடத்தினால் அது தணியும் என்பதையும் இது உணர்த்துகிறது. அந்த நேரத்தில் அருகில் ஒருவர் இருப்பது பெரிய உதவி. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோவும் செவிமடுக்கும் பணியைச் செய்து வருகிறது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதை ஊர் அறிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: நீரிழிவுக்கு மருந்தெடுக்கச் செல்வதை நாம் ஊருக்கு மறைப்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் இவ்விடயத்தில் ஒரு பங்குண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் உள்ள எத்தனையோ வீடுகளில், அப்பா 1980களில் தவறவிட்ட மருத்துவ பீடத்துக்கு மகள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்டில் தரப்படுத்தலும் இல்லை, இசட் புள்ளியும் இல்லை. தீர்ப்பு மட்டும் விமானமேறி வந்திருக்கிறது. பெற்றவர் தம்மோடு சமாதானமாகாத வரையில் பிள்ளையை அதன் இயல்போடு ஏற்றுக்கொள்வது கடினம். பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரையை முதலில் தமக்குச் சொல்லிப் பார்ப்பது அவர்களுக்கு உதவும்.

பெறுபேறுகள் அடுத்த ஆண்டும் வரும். அதற்கடுத்த ஆண்டும் வரும். பெரும்பாலான பிள்ளைகள் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்பார்கள், அது கணக்கு. அன்றிரவு அந்தப் பிள்ளையிடம் பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை கணக்கில் அடங்காது. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும். அடுத்த நாள் காலை, எந்தப் பாடத்தில் எவ்விடத்தில் சறுக்கியது, இனி எந்த வழி உண்டு என்று இருந்து பேசலாம். தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. கல்வியியற் கல்லூரி உண்டு. மீண்டும் எழுத வாய்ப்புண்டு. அந்த நில அளவையாளருக்கு 1971இல் அப்படி ஒருவர் வாய்த்திருந்தால், தாம் அளந்து கொடுத்த காணிகளில் இன்று எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் தமது கணக்கில் சேர்த்திருப்பார்.